'தரை இழைப்பவர்கள்' ஓவியத்தை எப்படிப் பார்ப்பது? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓவியம் பார்க்கப் பழக வேண்டும், எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பவர்களிடம் இம்ப்ரஷனிசத்தைச் சொல்வது வழக்கம். அன்றாட வாழ்க்கையை அந்தந்த நேரத்து வெளிச்சத்தில் வரைந்த, 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியப் பாணி அது. உடனே மோனேயின் அல்லிக்குளத்தைக் காட்டுவார்கள். நான் வேறொன்றைக் காட்டுவேன். பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கைபோத் 1875இல் வரைந்த 'தரை இழைப்பவர்கள்'. பாரிஸில் ஒரு மாடி அறை. மேல்சட்டை இல்லாத மூன்று ஆண்கள் முட்டிபோட்டு மரத்தரையை இழைத்துக்கொண்டிருக்கிறார்கள். படம் அவ்வளவுதான். இதைப் பார்க்கக் கிரேக்கப் புராணம் தெரிய வேண்டாம், பைபிள் கதை தெரிய வேண்டாம். யாராவது குனிந்து நிமிர்ந்து வேலை செய்வதைப் பார்த்திருந்தால் போதும்.

ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஓர் அளவுகோல், ஒரு வெள்ளைத் தாள், கொஞ்சம் ஒட்டும் டேப், ஓர் அளவு நாடா இவை கையில் இருக்கட்டும். எதற்கென்று போகப் போகத் தெரியும்.

நல்ல பிரதி ஒன்றைத் தேடுங்கள்

கைபோத் இறந்தது 1894இல். ஓவியத்துக்குக் காப்புரிமை எல்லாம் முடிந்து பல காலமாகிவிட்டது. விக்கிமீடியா காமன்ஸில் அவர் பெயரைப் போட்டால் பெரிய அளவுப் படமே இலவசமாகக் கிடைக்கும். போன் திரையில் பார்க்காதீர்கள். கணினித் திரை வேண்டும், அல்லது ஏ3 தாளில் வண்ண அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஓவியத்துக்குப் பல பிரதிகள் இருக்கும், நிறமும் ஒன்றுக்கொன்று மாறும். மஞ்சள் தூக்கலாக இருப்பதை ஒதுக்கிவிடுங்கள். இந்த ஓவியத்தின் உயிர் பழுப்புக்கும் சாம்பல் நீலத்துக்கும் நடுவில் இருக்கிறது.

சுவரில் அளவைக் குறியுங்கள்

இந்த வேலையைப் பலர் செய்வதில்லை, அதனால் நிறைய இழக்கிறார்கள். மூல ஓவியத்தின் உயரம் சுமார் 102 செ.மீ., அகலம் சுமார் 147 செ.மீ. உங்கள் சுவரில் அந்த அளவுக்கு நாலு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். சாப்பாட்டு மேசை ஒன்றைச் சுவரில் சாய்த்துவைத்த மாதிரி இருக்கும். அதற்குள் மூன்று ஆட்கள். உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் அவர்களுடைய முதுகும் தோளும் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் பெரிய கித்தானைப் பெரும்பாலும் வரலாற்றுக் காட்சிக்கோ தெய்வத்துக்கோ வீரனுக்கோதான் எடுப்பார்கள். கைபோத் அதில் தரை வேலைக்கு வந்தவர்களை வைத்தார்.

முதலில் வேலையைப் பாருங்கள், கலையை அப்புறம் பார்க்கலாம்

இந்த வழிகாட்டியில் இதுதான் முக்கியமான படி. அவசரப்படாமல் செய்யுங்கள்.

புதியவர்கள் எடுத்த எடுப்பிலேயே "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டுவிடுகிறார்கள். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். "இங்கே என்ன வேலை நடக்கிறது? எவ்வளவு முடிந்திருக்கிறது? இன்னும் எவ்வளவு பாக்கி?" என்று கேளுங்கள். மேஸ்திரி வந்து பார்ப்பாரே, அப்படிப் பாருங்கள்.

தரையிலிருந்து தொடங்கலாம். நீளநீளமான பலகைகள் உங்கள் காலடியிலிருந்து ஜன்னலை நோக்கி ஓடுகின்றன. அவை ஒரே நிறத்தில் இல்லை. சில பட்டைகள் கருத்து, ஈரம் பட்டதுபோலப் பளபளக்கின்றன. சில வெளிறி, பளபளப்பு இல்லாமல் கிடக்கின்றன. வெளிறிய பட்டைகள் இழைத்து முடித்தவை. கருத்தவை இனிமேல் இழைக்க வேண்டியவை. இது தெரிந்துவிட்டால் தரை முழுவதும் ஒரு கணக்குப் புத்தகம் ஆகிவிடும். காலையிலிருந்து எங்கே எங்கே கை ஓடியிருக்கிறது என்று நீங்களே படிக்கலாம்.

இப்போது கருவிகள். இந்தத் தொழிலில் இரண்டு கருவிகள் முக்கியம். ஒன்று இழைப்புளி, பலகைகள் சேரும் இடத்தில் எழும்பி நிற்கும் மேட்டைச் சீவ. இன்னொன்று சுரண்டி, மிச்சத்தைச் சுரண்டிச் சமமாக்க. தரையில் ஒரு சுத்தியலும் கிடக்கிறது, கண்டுபிடியுங்கள். கருவி எங்கே கிடக்கிறது என்று பார்த்தால் அதைக் கடைசியாக யார் எடுத்தார், யார் வைத்தார் என்றுகூட ஊகிக்கத் தோன்றும்.

அப்புறம் அந்த மரச்சுருள்கள். படத்தைப் பெரிதாக்கி அவற்றில் ஒன்றை மட்டும் பாருங்கள். தச்சுப் பட்டறைப் பக்கம் போனவர்களுக்கு அதன் கனம் தெரியும். கையில் எடுத்தால் எடையே இருக்காது, அழுத்தினால் நொறுங்கும், மூக்கருகே கொண்டுபோனால் மரத்தின் பால்வாசம் வரும். கைபோத் ஒவ்வொரு சுருளையும் ஒன்றிரண்டு வளைந்த தூரிகை இழுப்பில் முடித்துவிட்டார். மேல் விளிம்பில் வெளிச்சம், அடியில் மெல்லிய நிழல், அவ்வளவுதான். முதல் முறை பார்த்தபோது நான் இந்தச் சுருள்களைக் குப்பை என்று கடந்து போனேன். பல நாள் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. ஜன்னலுக்கு வெளியே பால்கனியின் இரும்புக் கிராதியிலும் இதே வளைவுகள் இருக்கின்றன. கொல்லன் வளைத்த இரும்பும் இழைப்பவர் உரித்த மரமும் ஒரே அறையில் எதிரும் புதிருமாக நிற்கின்றன.

கடைசியாக ஆட்களிடம் வாருங்கள். நடுவில் இருப்பவரும் வலப்பக்கம் இருப்பவரும் கைகளை முன்னே நீட்டி, உடம்பின் பாரத்தைக் கருவிமேல் போட்டிருக்கிறார்கள். தலைகள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருக்கின்றன. ஏதோ பேச்சு ஓடுகிறது. கை நிற்காமல் வாய் பேசுவது நெடுநாள் சேர்ந்து வேலை செய்பவர்களுக்கே வரும் பழக்கம். இடப்பக்கத்தவர் கொஞ்சம் பின்னால், தனியாக, ஏதோ ஒரு கருவியை எடுக்கக் கையை நீட்டுகிறார். வலது ஓரத்தில் ஒரு ஒயின் புட்டி, பக்கத்தில் ஒரு கோப்பை. அதற்கு ஆழமான குறியீடு எதையும் தேட வேண்டாம். வேலைக்கு நடுவே தாகம் எடுக்கும்.

நீங்களும் முட்டிபோட்டுப் பாருங்கள்

இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. வெறும் தரையில் முட்டிபோடுங்கள். ஒரு துணியை மடித்து இரு கைகளாலும் பிடித்து, முன்னே குனிந்து, தரையை அழுத்தித் தேயுங்கள். இரண்டு நிமிடம் போதும். முதலில் முட்டி வலிக்கும், பிறகு இடுப்பு, அதற்கப்புறம் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் ஓர் இறுக்கம் வரும்.

இப்போது எழுந்து ஓவியத்தைப் பாருங்கள். வெளிச்சம் எந்தெந்தத் தசையில் விழுகிறது என்று கவனியுங்கள். உங்களுக்கு எங்கெல்லாம் வலித்ததோ, அங்கெல்லாம் வரைந்தவர் கவனமாக நின்றிருக்கிறார். தோள்பட்டை, புஜம், முன்கையின் நரம்பு. இவை சிலை அழகுக்காக வைத்த தசைகள் அல்ல, வேலை செய்து மெலிந்து முறுகிய உடம்புகள்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

ஒரு வெள்ளைத் தாளால் ஜன்னலை மறையுங்கள். ஜன்னல் இல்லாமலே வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடிகிறதா? முடியும். தரையின் பளபளப்பு சொல்லிவிடும். ஆட்களின் தோளிலும் கைகளிலும் வெளிச்சம் இருக்கிறது, மார்பு நிழலில் இருக்கிறது. வெளிச்சம் அவர்களுக்குப் பின்னாலிருந்து, நம்மை நோக்கி வருகிறது.

போட்டோ எடுப்பவர்களைக் கேட்டால் இது எவ்வளவு சிக்கலான வெளிச்சம் என்று சொல்வார்கள். ஜன்னலை முன்னால் வைத்து எடுத்தால் ஆள் கறுத்துவிடுவார். கைபோத் அந்தச் சிக்கலையே விரும்பி எடுத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே பாரிஸின் கூரைகள் மங்கலாகத் தெரிகின்றன. வெயில் சுள்ளென்று அடிக்கவில்லை, மேகம் மூடிய பகல்போல ஒரு சாம்பல் வெளிச்சம். அந்த வெளிச்சம் மெருகு போகாத பலகைகளில் பட்டு வெள்ளியாகத் தெறிக்கிறது, இழைத்த பலகைகளில் பட்டு உறைந்துவிடுகிறது. இம்ப்ரஷனிஸ்டுகள் ஆற்று நீரில் தேடியதை இவர் ஒரு மரத்தரையில் கண்டுபிடித்தார் என்று நான் நினைக்கிறேன்.

அளவுகோலை எடுங்கள்

அச்சுப் பிரதி இருந்தால் இதைச் செய்வது எளிது. பலகைகளின் கோடுகளை அளவுகோல் வைத்து மேல்நோக்கி நீட்டுங்கள். நாலைந்து கோடுகள் போதும். அவை நெருங்கிக்கொண்டே போய் ஓரிடத்தில் சேரப் பார்க்கும். அந்த இடம் ஆட்களின் தலைக்கு வெகு மேலே இருக்கிறது. கோடுகள் சேரும் இடத்தின் உயரம்தான் பார்ப்பவரின் கண் உயரம். அப்படியானால் இந்தக் காட்சியைப் பார்ப்பவர் நின்றுகொண்டிருக்கிறார். வேலை செய்பவர்கள் முட்டிபோட்டிருக்கிறார்கள்.

தரை செங்குத்தாக எழும்பி, ஆட்கள் நம் பக்கமாகச் சரிந்து விழுவார்களோ என்று ஒரு தடுமாற்றம் இந்த ஓவியத்தில் உண்டு. அதற்கும் இதுதான் காரணம். அந்தக் காலத்து விமர்சகர்களுக்கு இந்தச் சாய்மானம் உறுத்தியது. நமக்கு, சினிமாவும் போட்டோவும் பார்த்துப் பழகிய கண்களுக்கு, அது இயல்பாகவே படுகிறது.

சரி, அங்கே நின்றுகொண்டிருப்பது யார்? அதைத் தெரிந்துகொள்ள ஓவியரின் கதைக்குப் போக வேண்டும்.

இப்போது வரலாற்றைப் படியுங்கள்

வரலாற்றை இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டதற்குக் காரணம் இருக்கிறது. முதலிலேயே படித்துவிட்டால் கண் அதற்குள் அடங்கிப் போகும்.

குஸ்தாவ் கைபோத் 1848இல் பாரிஸில் பிறந்தார். அப்பா ராணுவத்துக்குப் படுக்கை, கம்பளி போன்றவை கொடுத்துப் பெரும் செல்வம் சேர்த்தவர். மகன் சட்டம் படித்தார். 1870இல் பிரஷ்யாவோடு போர் மூண்டபோது படையில் சேர்க்கப்பட்டார். போர் முடிந்ததும் லியோன் பொனா என்ற ஓவியரிடம் பயிற்சி, 1873இல் பாரிஸ் அரசு நுண்கலைப் பள்ளியில் சேர்க்கை. 1874 டிசம்பரில் அப்பா இறந்தார். பெரும் சொத்து வந்தது.

குடும்ப வீடு மிரோமெனில் தெருவில் இருந்தது. அரசு நிர்வாகி பாரன் ஓஸ்மான் பழைய பாரிஸை இடித்து அகலத் தெருக்களும் ஒரே மாதிரியான கல் கட்டிடங்களும் எழுப்பிய காலத்தில் உருவான புதுப் பகுதி அது. அந்த வீட்டில் அவருக்காக ஒரு ஓவியக்கூடம் தயாரானது. ஓவியத்தில் நாம் பார்க்கும் தரை அந்தக் கூடத்தின் தரைதான் என்று கருதப்படுகிறது.

நின்றுகொண்டு பார்ப்பவர் யாரென்று இப்போது தெரிகிறதா? வீட்டுக்காரர். 26 வயது இளைஞர். கூலி கொடுப்பவர். இதைப் படித்தவுடன் சிலருக்கு ஓவியத்தின்மேல் ஒரு கசப்பு வரும். பணக்காரர் மேலிருந்து பார்க்கிறார், அவ்வளவுதானே என்று. அந்தக் கசப்பு நியாயமானது, அதை விழுங்கிவிடச் சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். நமக்காக வேலை செய்ய வருபவர்களை நம்மில் எத்தனை பேர் இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருக்கிறோம்? இவர் ஒவ்வொரு உடலையும், கையையும், காலையும் தனித்தனியாகத் தாளில் வரைந்து பழகி, பிறகு கட்டம் போட்டு அளவு மாறாமல் கித்தானுக்கு மாற்றினார். ஆட்களைப் பரிதாபத்துக்குரியவர்களாகவும் காட்டவில்லை, வீரர்களாகவும் தூக்கி வைக்கவில்லை. தொழில் தெரிந்தவர்களாகக் காட்டியிருக்கிறார். அந்த மரியாதையால்தான் எனக்கு இந்த ஓவியத்தின்மேல் இவ்வளவு பிடிப்பு.

1875இல் பாரிஸின் அதிகாரபூர்வக் கண்காட்சியான சலோனுக்கு இதை அனுப்பினார். நடுவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓவியத் திறமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பொருளில்தான் சிக்கல். வயலில் கதிர் பொறுக்கும் பெண்களை மிலே 1857இலேயே வரைந்திருந்தார். சாலையோரம் கல் உடைப்பவர்களைக் கூர்பே அதற்கும் முன்பே வரைந்திருந்தார். ஆனால் நகரத்தில், அதுவும் வசதியான வீட்டுக்குள், சட்டை கழற்றிப்போட்டு வேலை செய்பவர்களை இவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்தது அபூர்வம். ஆடையில்லாத உடம்பு என்றால் அது கிரேக்கக் கடவுளாக இருந்தால் சலோனுக்குச் சரி, தரை வேலைக்காரராக இருந்தால் கொச்சை.

சலோன் மறுத்ததும் அவர் மோனே, ரெனுவார், தெகா, பிசாரோ இருந்த குழுவோடு சேர்ந்தார். 1876இல் துராந்த்-ருயெல் என்ற கலை வணிகரின் கூடத்தில் அவர்கள் நடத்திய இரண்டாவது கண்காட்சியில் இந்த ஓவியம் மக்கள் பார்வைக்கு வந்தது. எழுத்தாளர் எமில் ஸோலாவுக்கு இது பிடிக்கவில்லை. கண்ணாடிபோல் துல்லியமாக இருக்கிறது, இப்படி அப்படியே நகலெடுப்பது கலைக்கு எதிரானது என்ற பொருளில் எழுதினார். உழைப்பாளிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய அவரே இந்த ஓவியத்தில் தவறவிட்டார் என்பது என் கருத்து.

அப்படியென்றால் இது இம்ப்ரஷனிசமா?

நியாயமான கேள்வி. இரண்டு இடங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் நடுவில் இருப்பவரின் தோள். நிறங்கள் ஒன்றோடு ஒன்று இழைந்து, தூரிகைத் தடம் அவ்வளவாகத் தெரியாமல் இருக்கும். அது பள்ளியில் கற்ற பாணி. பிறகு தரையின் பளபளப்பையும் மரச்சுருள்களையும் பாருங்கள். அங்கே கை வேகமாகவும் தளர்வாகவும் ஓடியிருக்கிறது. நிழல்களில் கறுப்பு குறைவு, நீலச் சாம்பல் அதிகம். உடலுக்கு ஒரு மொழி, ஒளிக்கு வேறொரு மொழி. பாணியை வைத்துப் பார்த்தால் இது யதார்த்தவாதத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. இன்றைய வாழ்க்கையை, இந்த நேரத்து வெளிச்சத்தில், கதை எதுவும் சேர்க்காமல் வரைவது என்ற பிடிவாதத்தில் இது முழு இம்ப்ரஷனிசம்தான். பெட்டிக்குள் போட முடியவில்லையே என்று கவலைப்படாதீர்கள்.

பக்கத்தில் இரண்டு ஓவியங்களை வையுங்கள்

ஒன்று, அதே 1875இல் மோனே வரைந்த 'நிலக்கரி இறக்குபவர்கள்'. பாரிஸுக்கு அருகே சேன் ஆற்றில் படகுகளுக்கும் கரைக்கும் நடுவே பலகைகள் போட்டு, கூடை கூடையாக நிலக்கரி இறக்குகிறார்கள். மோனேயின் ஓவியங்களில் உழைப்பாளிகள் இப்படி மையத்துக்கு வருவது அபூர்வம். ஆனால் எவர் முகமும் தெரியாது. எல்லோரும் கறுப்புப் புள்ளிகளாக, பலகைமேல் ஓர் ஒழுங்கில் போகிறார்கள், வருகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் உழைப்பு ஒரு தாளமாகத் தெரிகிறது.

இன்னொன்று, தெகா 1880களில் வரைந்த துணி தேய்க்கும் பெண்கள். ஒருத்தி முழுப் பலத்தோடு இஸ்திரிப் பெட்டியை அழுத்துகிறாள். மற்றவள் கையில் புட்டியோடு, வாயைப் பிளந்து கொட்டாவி விடுகிறாள். கைபோத்தின் ஆட்களிடம் இல்லாத களைப்பு அங்கே இருக்கிறது.

மூன்றையும் ஒரே திரையில் வைத்து, "இவர்களில் யாரோடு நான் பேச முடியும்?" என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு வரும் பதில் எப்போதும் கைபோத்தின் நடு ஆள்தான். உங்களுக்கு வேறாக வரலாம்.

நேரில் பார்க்க வாய்ப்பு வந்தால்

மூன்றுமே பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம், 1986 டிசம்பரில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. திங்கட்கிழமை விடுமுறை. வியாழக்கிழமை இரவு வரை திறந்திருக்கும், அந்த நேரத்தில் கூட்டம் சற்றுக் குறையும். போகும்முன் ஓவியம் அங்கே இருக்கிறதா என்று அருங்காட்சியகத்தின் தளத்தில் பாருங்கள், வேறு நாட்டுக் கண்காட்சிக்குப் போயிருக்கலாம். 2024 அக்டோபரில் கைபோத் வரைந்த ஆண்களைப் பற்றி மட்டுமே அங்கே ஒரு பெரிய கண்காட்சி தொடங்கி, பிறகு லாஸ் ஏஞ்சலிஸ், சிகாகோ என்று பயணம் போனது.

அங்கே போனால் ரெனுவாரின் புகழ்பெற்ற மூலேன் தெ லா கலெத் நடனக் காட்சியையும் பாருங்கள். அதை வாங்கி வைத்திருந்தவர் கைபோத்தான். நண்பர்களின் ஓவியங்களை யாரும் சீந்தாத நாளில் காசு கொடுத்து வாங்கினார். மோனேவுக்கு வாடகைகூடக் கொடுத்தார். 28 வயதிலேயே உயில் எழுதி, தன் சேகரிப்பு அரசுக்குப் போக வேண்டும் என்றார். 1894இல் 45 வயதில் அவர் இறந்தபோது அரசு ஒரு பகுதியை மட்டும் ஏற்றுக்கொண்டது. அந்த உயிலில் அவருடைய சொந்த ஓவியங்கள் இல்லை. வாரிசுகள் ரெனுவார் மூலமாகக் கொடுத்ததால்தான் 'தரை இழைப்பவர்கள்' பொதுச் சொத்தாயிற்று.

இவ்வளவும் முடிந்தபிறகு, வேறொரு நாளில், 1876இல் அவர் வரைந்த இரண்டாவது வடிவத்தைத் தேடுங்கள். அதே வேலை, சிறிய கித்தான். ஒருவர் முட்டிபோட்டு இழைக்கிறார். இளைஞன் ஒருவன் சுவரோரம் தரையில் உட்கார்ந்து தன் கருவியைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறான். அதில் முதலில் அவன் கைகளைப் பாருங்கள்.